லேமினேட் ஆன பில்

எங்கள் வீட்டில் லேமினேட் ஆகாமல் தப்பித்திருப்பது நான் ஒருத்திதான். மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, கார் வாங்கியபோது கொடுத்த காகிதம், மகள் இரண்டாம் வகுப்பில் வரைந்த மயில் என்று எல்லாவற்றுக்கும் என் கணவர் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டார். நாடு விட்டு வந்து இந்த பிளாட் புஷ் பேட்டையில் குடியேறியபோது சோபா வாங்குவதற்கு முன்பே லேமினேஷன் மெஷின் வாங்கிய மனிதர் அவர். காகிதம் பத்திரமாக இருந்தால் வாழ்க்கையும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிற ரகம்.

என் கதை ஒரு சீஸ் கட்டியில் தொடங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. பருப்பும் புளியும் பாபடோயிட்டோய் பேட்டையின் இந்தியன் கடைகளில் வாங்கிவிடுவோம். பால், வெண்ணெய், சீஸுக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், அந்த விளம்பரத்தைக்கூட இலவசமாகத் தர எனக்கு மனசில்லை. அலமாரியில் மஞ்சள் விலை அட்டையில் பத்து டாலர் என்று போட்டிருந்தது. பில்லில் பன்னிரண்டு. நான் பில்லைப் படிக்கிறவள். படிக்காமல் மடித்துப் பையில் போடுகிறவர்களை நம்பித்தான் அந்தக் கடையே நடக்கிறது.

கவுண்டரில் சொன்னேன். சூப்பர்வைசர் பெண் பெருமூச்சு விட்டபடி என்னோடு அலமாரிவரை வந்தாள். அதற்குள் அட்டையைக் காணோம். பத்தடி தள்ளி ஒருவன் கைநிறைய அட்டைகளோடு மாற்றிக்கொண்டே போகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அவளோ, நான் வேறு எதையாவது பார்த்திருப்பேன் என்றாள். கடைசியில் ஒரு 'டியர்' வேறு. பிறகு வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, சிலர் இப்படி முயற்சி செய்து பார்ப்பதுண்டு என்று சிரித்தாள்.

முயற்சியாம். மதுரையில் பத்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். இரண்டு டாலருக்கு நான் பொய் சொல்கிறேனாம்.

பக்கத்தில் நின்ற என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். "மம், ப்ளீஸ். ஜஸ்ட் பே."

பே பண்ணினேன். காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அவமானத்தில் தோய்ந்து நின்ற தாயை விட்டுவிட்டுக் கடைக்காரி பக்கம் சாய்ந்த பெண் என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன். அதைவிடக் கேவலம், அடுத்த சனிக்கிழமையும் அதே கடைக்குத்தான் போனேன். பால் வேண்டுமே. ஆனால் அந்தப் பில்லை மட்டும் தூக்கிப் போடவில்லை. சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருநாள் சொல்லவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

இந்த வருடம் அந்த நாள் வந்துவிட்டதாக நினைத்தேன். அதே கடைமீது வழக்கு. ஒரே மாதிரி ஏமாந்தவர்களெல்லாம் சேர்ந்து போடுவது. கிளாஸ் ஆக்‌ஷன் என்கிறார்கள். கடை சமரசத்துக்கு வந்துவிட்டது, வாங்கியவர்கள் படிவம் நிரப்பினால் பங்கு கிடைக்கும் என்றதும் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கவேண்டுமே! ஒரே ராத்திரியில் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள். விலை அட்டையை ஆயுளில் ஏறிட்டுப் பார்க்காத ஒருவர் தன் நெஞ்சம் புண்பட்டதை மூன்று பத்தி எழுதினார். இன்னொருவர், இந்தியன் கடையில் வாங்கிய அரிசியையும் சேர்க்கலாமா என்று கேட்டார். படிவம் போட்டால் ரெசிடென்ஸ் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று ஒருவருக்குக் கவலை. தலைக்கு எவ்வளவு தேறும் என்று யாரோ கணக்குப் போட, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் எழுதினேன். யாரும் லைக் போடவில்லை.

என்னிடம் அசல் ஆதாரம் இருந்தது. அந்தத் திமிரில் கணவரிடம் ஒருநாள் காலையில் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தப்பு. சாயங்காலம் வேலைவிட்டு வந்தால், சாப்பாட்டு மேஜையில் தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி கன்னங்கரேலென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. சூடு பட்டால் கறுத்துப்போகிற காகிதத்தில்தான் கடைகள் பில் அடிக்கின்றன என்பது எம்.டெக். படித்தவருக்குத் தெரியவில்லை.

"லைட்டா கறுத்திருக்கும்மா," என்றார். "ஆனா இனிமே கிழியாது."

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். பதினாறு வயசு, என்னைவிட உயரம். அவளே லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தாள். பில் இல்லாதவர்கள் நடந்ததை எழுதினால் போதும், ஐந்நூறு எழுத்துக்குள், என்றாள் இங்கிலீஷில். நான் அவள் தோளுக்குமேல் குனிந்து சமரச அறிவிப்பைப் படித்தேன். கடை பணம் தருகிறது, 'தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்'. 'தப்பு எங்களுடையதுதான்' என்ற ஒரு வரிக்காக மூன்று வருடம் விபூதிக்கு அடியில் பில் வைத்திருந்தவளிடம், அந்த வரியைத் தவிர மற்றதெல்லாம் தருகிறார்களாம்.

"வேண்டாம், மூடு," என்றேன். "வாயை மூடிட்டுப் போன்னு காசு கொடுக்கிறாங்க. அந்தப் பிச்சை எனக்கெதுக்கு?"

அவள் மூடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். சீஸ், மஞ்சள் அட்டை, சூப்பர்வைசரின் சிரிப்பு, 'டியர்' எல்லாம் வரிசையாக வந்தது. இத்தனை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று ஆச்சரியப்படுவதற்குள் கடைசி வரியை அடித்தாள். இங்கிலீஷ் வரிதான். அம்மாவோடு நானும் அந்த அட்டையைப் பார்த்தேன், பத்து டாலர்தான் போட்டிருந்தது, எல்லோரும் எங்களையே பார்த்ததால் நான் சொல்லவில்லை.

கை ஓங்கத்தான் வந்தது. "அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?"

அவள் திரையைவிட்டுத் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எழுத்து அதிகமாகிவிட்டது, எதையாவது வெட்டவேண்டும், என்றாள். கர்சரைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள்.

அவள் கையைப் பிடித்தேன். சீஸை வெட்டச் சொன்னேன். டியரை, சூப்பர்வைசரை, இரண்டு டாலரை, எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன்.

"அந்த வரி இருக்கட்டும்," என்றேன்.