வீட்டில் எத்தனை பேர்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவசமாகச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியின் படிவத்தை நிரப்பியவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் என்பதால், பிரெஞ்சில் வரும் எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். ‘வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?’ என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினேன். யோசிக்கவேயில்லை. அம்மா, அப்பா, தங்கச்சி, நான், முன்னறையில் படுக்கும் சித்தப்பா. அம்மா ஐந்து பேருக்குத்தானே உலை வைக்கிறார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தோம். அப்பாவின் தோள் வேலையில் பழுதானபின் வெல்ஃபெயர் செக்தான், அரசாங்கம் தரும் உதவிப்பணம்தான், எங்களை நடத்தியது. மாதம் பிறக்க வரும். வாடகையும் கரண்ட் பில்லும் போனால் மூன்றாம் வாரமே ஃபிரிட்ஜ் வெறுமை. பாரமில்லாத வேலை ஏதாவது அப்பா பார்க்கலாம்தான். ஆனால் ஒரு சின்ன எல்லைக்கு மேல் உழைத்தால் அது அப்படியே செக்கில் வெட்டுப்படும். அதனால்தான் மாதக் கடைசியில் அந்தத் தேவாலய வரிசை தெரு மூலைவரை நீளும்.

சித்தப்பா, நகரின் இன்னொரு பக்கம் லாசாலில் வேலை பார்த்த இடம் மூடியதால் எங்களிடம் வந்திருந்தார். தம்பிக்காரனிடம் வாடகை வாங்குவது அப்பாவுக்குத் தோன்றக்கூட இல்லை. அவர் வந்திருப்பதை வெல்ஃபெயருக்கு அறிவிக்க வேண்டுமோ என்பதும் எவருக்கும் தோன்றவில்லை. அங்கே எங்கள் ஃபைலில் நாலு பேர்தான்.

பத்து நாள் கழித்து வெல்ஃபெயரிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் வசிக்கும் அனைவரின் பத்திரங்களோடும் நேரில் வரவும். ‘அனைவரின்’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. உணவு வங்கிப் படிவத்தில் எங்கள் வெல்ஃபெயர் ஃபைல் நம்பரையும் நான் அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு தாள்களும் எங்கேயோ ஒரு மேசையில் சந்தித்துவிட்டன என்று நினைத்தேன். ஓர் ஆளை ஒளித்து வைத்துக்கொண்டு பணம் வாங்குகிறோம் என்று நினைப்பார்களே.

“என்ன எழுதிக் கிடக்கு?” என்றார் அம்மா.

சொன்னேன்.

“ஆரடா உன்னை அஞ்செண்டு எழுதச் சொன்னது?” அப்பா கத்தினார். “செக்கை நிப்பாட்டினாங்களெண்டா வாடகைக்கு எங்க போறது?”

“நாலரையெண்டு எழுதியிருக்கலாம். வேலை இல்லாதவன் அரை ஆள்தானே,” என்றார் சித்தப்பா. அவர் எழுந்து போர்வையை மடித்தார். “அண்ணை, கூட்டாளியொருத்தன் லாசாலில இருக்கிறான். அலுவல் முடியட்டும். பேந்து வாறன்.”

அவர் போனதும் அம்மா அவருடைய பல்துலக்கும் பிரஷை எடுத்து அலமாரிக்குள் மறைத்தார். சோதிக்க ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள் என்று எவரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து கதவு மணி அடித்தால், திறக்குமுன் நான் முன்னறையை ஒருமுறை பார்ப்பேன்.

வெல்ஃபெயர் நேர்முகத்துக்கு முந்தின நாள் தேவாலயத்துக்கு ஓடினேன். ஐந்தை நாலாக்க வேண்டும் என்றேன். அங்கிருந்த வயதான பெண் பெட்டியிலிருந்து எங்கள் படிவத்தை எடுத்தார்.

“யாராவது போய்விட்டார்களா?”

தலையாட்டினேன்.

“பயப்படாதே தம்பி. இந்தத் தாள் இந்தப் பெட்டியை விட்டு எங்கேயும் போகாது,” என்று பிரெஞ்சில் சொன்னார். நான் நம்பவில்லை. அவர் ஐந்தை வெட்டி நாலு என்று எழுதும்வரை நின்று பார்த்தேன். அந்த வாரம் பையில் ஒரு பருப்புப் பொதி குறைந்தது.

மறுநாள் வெல்ஃபெயர் அதிகாரியின் முன்னால் அம்மாவும் அப்பாவும் கைகளை மடியில் வைத்து, பிழை செய்த பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். மொழிபெயர்க்க நான். அதிகாரி வாடகைப் பத்திரத்தைப் பார்த்தார், வங்கிப் புத்தகத்தைப் பார்த்தார்.

“வீட்டில் எத்தனை பேர்?”

“நாலு,” என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அவர் முத்திரை குத்தினார். இது எல்லோருக்கும் காலத்துக்குக் காலம் அனுப்பும் கடிதம்தான் என்றார். உணவு வங்கி பற்றி ஒரு சொல் இல்லை. உறவினர் ஒருவர் வந்து தங்கினால் என்ன செய்வது என்று கேட்க நா நுனிவரை வந்தது. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பாரே. விழுங்கிவிட்டேன். அவர் காட்டிய இடத்தில் அப்பா, நான் பழக்கியிருந்த கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் போட்டார். கோட்டின் மேலே ‘நாலு’ என்று தெளிவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் அடித்தது.

“தம்பி, அலுவல் சரியே?” சித்தப்பாதான். “இவன்ர வீட்டில ஏழு பேர், படுக்க இடமில்லை. வரட்டே?”

அம்மாவும் அப்பாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான்தானே.

“பேந்து சொல்லுறன், சித்தப்பா,” என்றேன்.

“ஓம், ஓம். அவசரமில்லை,” என்று அவர் வைத்துவிட்டார்.