நீரிரும்பு

அப்போது எனக்குத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் வேலை. போக வர வேனில் உட்கார்ந்து செல்போனில் ஒரு கேம் ஆடுவேன். அதில் மலையைக் குடைந்துகொண்டே போனால் எப்போதாவது ஓர் உலோகம் கிடைக்கும். தண்ணீரைவிட லேசானது, துருவே பிடிக்காது. அதன் பெயர் வாயில் நுழையாது. நானாக அதற்கு நீரிரும்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் படகுத்துறையில், ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கும் ஓர் அக்காவிடம் அந்த நீரிரும்புக் கதையை எடுத்துவிட்டேன். கேம் என்று சொல்லவில்லை. டச்சுக்காரன் நம் ஊர்க் கோட்டைக்கு அதைக் கொண்டுவந்தான், கப்பல் முகத்துவாரத்துக்கு உள்ளே தரை தட்டி முழுகிவிட்டது, பழைய புத்தகத்தில் படித்தேன் என்றேன். என் பேச்சை யாரும் அப்படி வாய் பிளந்து கேட்டதில்லை. அந்த ருசியில் இடத்தைக்கூடக் கை நீட்டிக் காட்டினேன்.

"அங்கதான் என் கையில எதுவோ தட்டும் தம்பி. சில்லுனு, பட்டையா. கல்லும் இல்ல, கிளிஞ்சலும் இல்ல. இன்னாடா இதுனு வருஷக்கணக்கா நெனச்சினு இருந்தேன்" என்றார்.

மூன்று நாள் அவர் இறாலுக்குப் போகவில்லை. இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தச் சேற்றையே துழாவியிருக்கிறார். நான்காம் நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் நீளமாக ஒரு வெட்டு. பறிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி.

"இதானே அது? மெதக்கல. உப்பு ஏறிக் கனத்துப் போச்சோ இன்னாவோ."

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பலின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க மாட்டும் துத்தநாகக் கட்டி. வாரத்துக்குப் பத்துக் கட்டியாவது நானே போல்ட் போட்டு முடுக்குவேன். சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். "அதேதாங்க்கா" என்றேன்.

அவர் அதைப் புளி போட்டுத் தேய்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டச்சுக் கல்லறையைப் பார்க்க வெளியூரிலிருந்து சிலர் வந்தார்கள். அக்கா கட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து காட்டினார். கண்ணாடி போட்ட ஒருவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது கப்பல்ல மாட்டுற துத்தநாகம்மா. இந்தக் காலத்து சாமான்."

"இல்ல சார், புஸ்தகத்துல போட்டுக்கீது. எங்க ஊருத் தம்பி படிச்சிக்கீறான். தோ, அவன்தான்."

எல்லோரும் கல்லறை வாசல் கம்பியோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எந்தப் புத்தகம் தம்பி?" என்றார் அவர்.

"நான் அப்டி எதுவும் சொல்லலையே" என்றேன்.

அக்கா கட்டியைத் திரும்ப வாங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சேர்ந்து லேசாகச் சிரித்தேன்.

பத்து நாள் அக்கா கண்ணில் படாமல் சுற்றினேன். பிறகு ஒரு காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அவர் இறால் துழாவிக்கொண்டிருந்த இடத்துக்கே போனேன். கேமில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பறியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார். முடிந்ததும் எடுத்தார்.

"கதைனு சொல்லியிருந்தா கதைனே கேட்டுருப்பேன். எனக்கு மட்டும் கதை புடிக்காதா?"

பறியை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"அத்த வுடு. அந்த ஆளு முன்னாடி ஏன் அப்டி சொன்ன?"

பயந்துட்டேங்க்கா என்று சொல்ல நினைத்தேன். அவர் யாருக்கும் பயப்படாமல் கட்டியோடு நின்றது ஞாபகம் வந்தது. அக்கா குனிந்து மறுபடி சேற்றில் கையை விட்டு, "தள்ளி நில்லு, சேத்தைக் கலக்குற" என்றார்.

தள்ளி நின்றேன்.