பத்து விரல் முத்துலட்சுமி

அமைச்சர் பேசி முடிக்கிற வரைக்கும் முத்துலட்சுமி பியானோவிலிருந்து கையை எடுப்பதில்லை. செய்தி ஓடும் போனைப் பியானோவின் மேல் சாய்த்து வைத்திருப்பாள். மைக்குகளுக்கு நடுவே அமைச்சர் சிரித்துக்கொண்டு, "வரவிருக்கும் காலங்களில்" என்று தொடங்கியதும் இவளுடைய வலக்கை மெல்ல ஒரு மெட்டை எடுக்கும். வாக்குறுதி வந்துவிட்டால் போச்சு. இடக்கை மேலே எழும்பி, ஓரத்துக் கட்டைகளின் மேல் தொம்மென்று விழும். "வந்துட்டாருய்யா, வரவிருக்குற காலத்துக்காரரு! இருக்குற காலத்துக்கு யாருய்யா பதிலு சொல்றது?" கேட்டுவிட்டு இன்னொரு தொம்.

அருப்புக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் அவள் ஆயா. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, கழிப்பறைகளைக் கழுவிவிட்டு, பிரார்த்தனைக் கூடத்து மூலைக்கு வருவாள். பள்ளியைத் தொடங்கியவர்கள் எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்ட பியானோ அங்கே இருக்கிறது. அதன் காலொன்றைக் கரையான் தின்றுவிட்டதால் செங்கல் மேல் நிற்கிறது. வெயில் ஏறினால் சில கட்டைகள் அமுங்கியது அமுங்கியபடி கிடக்கும், நெம்பித்தான் எடுக்க வேண்டும். துடைக்கப் போனவள் ஒருநாள் அழுத்திப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

முதலில் வாசிக்கப் பழகியது சாமி பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. டிவியில் முக்கியச் செய்திக்கு முன்னால் தடதடவென்று ஒரு இசை வருமே, அது. கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கட்டையாகத் தேடிப் பிடித்தாள். இப்போது எந்தச் சேனல் தடதடப்பு வேண்டுமென்றாலும் வாசிப்பாள். வீட்டில் செய்தி பார்க்க அவள் கணவர் தனுஷ்கோடி விடுவதில்லை. "எறிஞ்ச ரிமோட்டு போதும், டிவியாச்சும் மிஞ்சட்டும்" என்பது அவர் கட்சி. நாளெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிற மனிதர், அவரும் என்ன செய்வார்?

இடக்கையில் அவளுக்கு மூன்று விரல்கள்தான் முழுசு. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியிலேயே நின்றுவிட்டன. பத்தொன்பது வயதில் நூல் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷினுக்குள் போனவை அவை. மூடி கழன்ற மிஷின். ஆளின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றி பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த மொட்டை விரல்களையும் அவள் சும்மா விடுவதில்லை. பியானோவில் அடிக்கட்டைகளை உள்ளங்கை ஓரத்தாலும் அந்த மொட்டைகளாலும்தான் இடிக்கிறாள். அமைச்சர்களுக்கு விழுகிற தொம் அதுதான்.

அவளுக்குக் கோபம் வராத செய்தி இன்னும் வாசிக்கப்படவில்லை. பயிர் சேதத்தைச் செயற்கைக்கோள் பார்த்துக் கணக்கிடும் என்றார்கள். "அங்கன பரளச்சிக் காட்டுல மக்காச்சோளத்தப் பன்னி உழுது போட்டுருக்கு. அம்புட்டு ஒசரத்துலருந்து பாத்தா படுத்த பயிரும் பச்சையாத்தேன் தெரியும். எறங்கி வந்து பாக்கச் சொல்லு!" நூறு நாள் வேலைக்கு முகத்தைப் போனில் காட்ட வேண்டும் என்றார்கள். "வெயில்ல வெந்த மொகம் ஒரு வருசத்துல மாறிப்போகும். ஒங்க மெசினுக்குத் தெரியலைன்னா அவ வேலை பாக்கலன்னு ஆயிருமா?" இனி எல்லா வேலையையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார். அன்றைக்கு அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் போனுக்கு முன்னால் குனிந்தாள். "கக்கூசு கழுவ எப்ப வரும்? அதச் சொல்லு மொதல்ல."

இந்த வாய்க்கும் கைக்கும் வருஷத்தில் ஒருமுறை பெரிய வேலை உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மில் ஏஜெண்டுகளுக்கு மூக்கு வியர்த்துவிடும். பிள்ளைகளை மில் வேலைக்கு ஏற்றிப்போக, பரளச்சிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்கும் வேன் வரும். டிரெய்னிங் என்பார்கள், ஹாஸ்டல் என்பார்கள், அங்கேயே மேலே படிக்கலாம் என்பார்கள். வேன் வருவதற்கு முன்னால் முத்துலட்சுமி ஊருக்குப் போய், பெண்பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் எல்லாம் நின்று இடக்கையைத் தூக்கிக் காட்டுவாள். "இதப் பாத்துட்டு ஏத்துறதா இருந்தா ஏத்துங்க." வேறொன்றும் சொல்ல மாட்டாள். கொஞ்சம் பிள்ளைகளாவது அதனால் மேல்படிப்புக்குப் போயிருக்கிறார்கள். ஏஜெண்டு சுப்புராஜுக்கு இவளைக் கண்டால் ஆகாது.

போன மார்ச்சில் பள்ளி டீச்சர் ஷர்மிளா பானு, இவள் பியானோ வாசித்துக்கொண்டே அமைச்சரை வறுத்தெடுப்பதைத் தூணுக்குப் பின்னாலிருந்து வீடியோ எடுத்துப் போட்டாள். ஜில்லா முழுக்கப் பார்த்தார்கள். டீக்கடையில் அடையாளம் கண்டு சிரித்தார்கள். முத்துலட்சுமிக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மே மாதம், ரிசல்ட் வந்த வாரம். அட்மிஷனுக்காக ஆபீஸ் திறந்திருந்தது. ஷர்மிளா பானு முகம் வெளிறிப்போய்ப் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "லெட்சுமியக்கா, இது நீங்க பேசுனது இல்லையே?"

அதே பியானோ, அதே நீலச் சேலை, அதே முகம். ஆனால் கோபம் இல்லை. வீடியோவில் இருந்த முத்துலட்சுமி பல் தெரியச் சிரித்து, இவள் குரலிலேயே பேசினாள். "மில்லுதேன் என்னைய வாழ வச்சது. அப்ப தெரியாமப் பேசிட்டேன். பிள்ளைகள நம்பி அனுப்புங்க." பேசிவிட்டு இரண்டு கையாலும் வாசித்தாள். பத்து விரல். இடக்கையில் சுண்டு விரல் நகத்தோடு நீண்டு, கட்டை மேல் அழகாக ஏறி இறங்கியது.

முத்துலட்சுமி அந்த விரலையே பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். பேச்சைத் திருடினார்கள், முகத்தைத் திருடினார்கள், அதைக்கூட விட்டுவிடலாம். மில் தின்ற விரலை ஒட்டிக் காட்டி, அந்த விரலாலேயே இன்னொரு பிள்ளையைக் கூப்பிடுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஊரில் சித்தி மகள் வெள்ளைத்தாய்க்குப் போன் போட்டாள். வெள்ளைத்தாயின் மகள் அனுசியா இந்த வருஷம்தான் பத்து முடித்திருந்தாள். பதினோராம் வகுப்பில் சேர்க்கிறோம் என்று போன மாதம்கூட இவளிடம் சொன்னார்கள்.

"நாளைக்குக் காலைல வேன் வருதுக்கா. நீயே சொல்லிட்டியே, அதான் நம்பி அனுப்புறோம்."

"நான் சொல்லலடி! அது பொய்யி. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

வெள்ளைத்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இப்பப் பேசுறது நெசமாவே நீதேனா? ஒன் கொரல்லயே யாராச்சும் மாத்திப் பேசுவாக, நம்பாதீகன்னு சுப்புராஜு சொல்லிட்டுப் போயிருக்காப்ல. இப்பல்லாம் மெசினே மனுசக் கொரல்ல பேசுதாமே." சொல்லிவிட்டு வைத்தும் விட்டாள். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

சொந்தக் குரலையே ஊர் நம்பாது என்றால் என்னதான் செய்வது? ஷர்மிளா பானு புகார் எழுதலாம் என்றாள். "எழுதுங்க டீச்சர். அதுக்குள்ள வேனு மில்லுக்குப் போய்ச் சேந்துரும்" என்றாள் முத்துலட்சுமி.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். நூலகத்துக்கு எதிரே வேன் நின்றது. உள்ளே பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் அனுசியா. வெளியே நின்றபடி வெள்ளைத்தாய் ஜன்னல் வழியாக மகளுக்குத் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமியைக் கண்டதும் ஓடி வந்து இடக்கையைப் பிடித்தாள். பிடித்தவள் திகைத்துப்போனாள்.

"வெரல எங்கக்கா?"

"எந்த வெரல?"

"கம்பெனில ஆபரேசன் பண்ணி வெரலு வச்சுக் குடுத்துட்டாகன்னாரே சுப்புராஜு. வீடியோவுல பாத்தோமே. இம்புட்டு வருசம் கழிச்சும் தேடி வந்து செஞ்சிருக்காக, நல்ல மில்லுதேன்னு ஊரே பேசுச்சு."

முத்துலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் வீடியோவில் அவர்கள் விரலைப் பார்க்காமல் ஏமாறவில்லை. விரலைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது ஒரு மில் நல்லது செய்திருக்கும் என்று நம்ப ஆசைப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆசையை நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அழவில்லை, கத்தினாள்.

"தொட்டுப் பாருடி! நல்லாத் தொட்டுப் பாரு. எங்கயாச்சும் நெகம் தட்டுப்படுதா? எல்லாரும் வாங்க, வந்து தொட்டுப் பாருங்க!"

வெள்ளைத்தாய் மொட்டை விரல்களின் மழுங்கிய நுனியை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு வேனுக்குப் போய், மகளின் பையை ஜன்னல் வழியாக இழுத்தாள். "எறங்கு" என்றாள். அனுசியா இறங்கினாள். மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் தள்ளியே நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி வேறு பக்கம் பார்த்தாள்.

வேன் படியருகே நின்ற சுப்புராஜ் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சட்டென்று சமாளித்துக்கொண்டான். "யக்கா, வீடியோவ எவன் போட்டானோ, எனக்கும் அப்பிடித்தேன் வந்துச்சு. சரி, ஒங்க பிள்ளைய எறக்கியாச்சுல்ல? மத்தவுக விருப்பப்பட்டு அனுப்புறாக. வழிய விடுங்க, நேரமாகுது."

"எம்பிள்ளையா? ஏலே, எல்லாம் எம்மூஞ்சியப் பாத்து ஏறுன பிள்ளைகதேன்டா."

டிரைவர் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தான். முத்துலட்சுமி வேனின் முன்பக்கம் போனாள். சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைகிறவளைப் போலச் செருப்பைக் கழற்றி ரோட்டு ஓரமாகச் சேர்த்து வைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, முன்சக்கரங்களுக்கு எதிரே தாரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.