ஐந்தாம் கடைக்காரியின் கோபம்

லியோகாதியா யுக்ராவுக்குக் கோபம் வந்தால் சந்தைக்கே தெரிந்துவிடும். எங்கள் சுக்ரே ஊர்ச் சந்தையில் பழச்சாறு வரிசையில் எட்டுக் கடைகள். ஐந்தாவது அவளுடையது. கோபம் வந்த நாளில் பப்பாளி தண்ணீராய்ப் போன பிறகும் மிக்சியை நிறுத்த மாட்டாள். வாயால் திட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான். "அஞ்சாங் கடையில இடி இடிக்குது, மழை வரும்" என்று மற்ற கடைக்காரிகள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள்.

நாற்பத்தொன்பது வயது. இரட்டைப் பின்னல், கொசுவம் கொசுவமாய்ப் பாவாடை, அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். பழக் குவியலுக்குப் பின்னால் உயரப் பலகையில் ஏறி உட்கார்ந்தால் சந்தையே அவள் கண்ணுக்குள் அடங்கிவிடும். புருஷன் பாஸ்குவால் லாரி ஓட்டுகிறான். மகன்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே பெண்டாட்டி பேச்சைக் கேட்பவர்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவளுடைய வருத்தம், சந்தோஷம், மானம், ரோஷம் எல்லாம் அந்தக் கடையில்தான் இருந்தது. சரியாகச் சொன்னால், அந்தக் கடைக்கு வருகிற கசேராக்களிடம் இருந்தது.

இங்கே வாங்குகிறவளுக்கும் விற்கிறவளுக்கும் ஒரே பெயர்தான், கசேரா. ஒரு கடையில் உட்கார்ந்து "கசேரா" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் முடிந்தது, தாலி கட்டாத குறை. அதற்கப்புறம் பக்கத்துக் கடையில் பழம் பொன்னாய் மின்னினாலும் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. பதிலுக்குக் கடைக்காரி உங்கள் சர்க்கரை அளவு முதல் சம்பந்தி சண்டை வரை நினைவில் வைத்திருப்பாள். தம்ளர் பாதி காலியானதும் ஜாடியில் மிச்சமிருப்பதைக் கேட்காமலே கொசுறாக ஊற்றுவாள். இரண்டு நாள் வராவிட்டால் ஆள் விட்டு விசாரிப்பாள். லியோகாதியாவுக்கு இப்படி அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஒருவரைக்கூட அவள் மற்றவளுக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஐனோ வந்தாள். ஃபின்லாந்துப் பெண். ஆறு மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க அனுப்பியிருந்தார்கள். சோளக் குஞ்சம் போல வெளிறிய முடி. கடைத் துணிக்கூரையில் தலை இடிக்காமல் நிற்க முடியாத உயரம்.

"வா கசேரா, உக்காரு. என்ன போடட்டும்?"

"வணக்கம் அம்மா. எனக்கு ஒரு தம்ளர் பப்பாளிச் சாறு வேண்டும். தயவுசெய்து."

அந்தத் "தயவுசெய்து" லியோகாதியாவை உருக்கிவிட்டது. சந்தையில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பழத்திலேயே நல்ல பழமாய்ப் பொறுக்கினாள். கொசுறு ஒருமுறை ஊற்றுகிற இடத்தில் இரண்டுமுறை ஊற்றினாள். பெண் போனதும் ஆறாம் கடைக்காரி இலாரியாவின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா என் கசேராவ? ஃபின்லாந்துலேர்ந்து வந்திருக்கா. ஃபின்லாந்து எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"உனக்குத் தெரியுமாக்கும்?"

"எனக்கெதுக்குத் தெரியணும்? என் கசேராவுக்குத் தெரியும்."

மறுநாள் காலை அதே பெண் ஆறாம் கடையில் உட்கார்ந்திருந்தாள். இலாரியா கொடுத்த வாழைப்பழப் பாலைக் குடித்துக்கொண்டே, லியோகாதியாவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கையை வேறு அசைத்தாள்.

"கையாட்டுறா பாரு, கையாட்டுறா!" என்று பல்லைக் கடித்தாள் லியோகாதியா. மிக்சி வெகுநேரம் ஓடியது.

புதன்கிழமை அந்தப் பெண் ஏழாம் கடையில். வியாழன் எட்டு. வெள்ளியன்று வரிசையின் முதல் கடை. அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. இந்தப் பெண் தேர்த் திருவிழாச் சாமி மாதிரி ஒவ்வொரு வாசலாக நின்று போகிறாள்! முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் தன் முறை முடிந்ததும் சுருக்கென்று உணர்ந்தாள். என் கையால் குடித்துவிட்டு மறுநாள் அடுத்தவளிடம் போகிறாள் என்றால் என் கையில் என்ன குறை?

அதிகம் எரிந்தது லியோகாதியாவுக்குத்தான். இனி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்று சபதம் செய்தாள். ஆனால் தினமும் எட்டு மணியானால் கழுத்து தானாக நீண்டது. இன்று இரண்டு, நாளை மூன்று என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை சுற்று முடிந்து ஐந்தாம் கடைக்கு முறை வந்தது. ஐனோ அதே சிரிப்போடு வந்து உட்கார்ந்தாள். லியோகாதியா "கசேரா" என்று கூப்பிடவில்லை. ஒரு தம்ளர் ஊற்றி வைத்தாள். பெண் பாதி குடித்ததும், ஜாடியில் இருந்த மிச்சத்தைத் தன் தம்ளரில் ஊற்றி, அவள் கண்ணெதிரே மடக் மடக்கென்று தானே குடித்தாள். ஐனோவின் சிரிப்பு அப்படியே நின்றது. மீதியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். சண்டையில் ஜெயித்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது லியோகாதியாவுக்கு. அந்த சந்தோஷம் மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை.

மறு செவ்வாய்க்கிழமை பெண் இரண்டாம் கடைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதன் வரவில்லை. வியாழனும் எட்டு மணி கடந்தது. லியோகாதியாவுக்குப் பலகையில் உட்கார முடியவில்லை. இறங்கி இரண்டாம் கடை ரூஃபினாவிடம் போனாள்.

"அந்தப் பொண்ணு எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்? மூணாங் கடையிலயோ நாலுலயோ குடிச்சிருப்பா."

"குடிக்கல. மூணு நாளா எவ கடையிலயும் குடிக்கல."

"அத்தனை கணக்கா பாத்துட்டிருந்தியாக்கும்!" என்றாள் ரூஃபினா. வரிசையே சிரித்தது.

லியோகாதியா பழங்களின்மேல் துணியை இழுத்து மூடினாள். முப்பது வருஷத்தில் காலை நேரத்தில் அவள் கடை மூடியது அன்றுதான். "கொஞ்சம் பாத்துக்க. என் பழத்துல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்று இலாரியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மேட்டுத் தெருவில் பல் டாக்டர் வீட்டில் குடியிருப்பதாகப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். அந்த டாக்டரிடம் லியோகாதியா கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்தவள், ஆகையால் வீடு தெரியும்.

டாக்டர் மனைவி கதவைத் திறந்தாள். "அந்தப் பொண்ணா? உப்புப் பாலைவனத்தச் சுத்திப் பாக்கப் போயிருப்பான்னு நெனச்சேனே! வெளிநாட்டுப் பிள்ளைங்க சொல்லாமக் கொள்ளாம போகும் வரும்."

பெண் எங்கும் போகவில்லை. முற்றத்துப் பின்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வயிறு தாறுமாறாகிவிட்டது. மலை ஊர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வேறு. பக்கத்தில் அரைப் பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும்.

"லியோகாதியா அம்மா... நீங்கள் எப்படி வந்தீர்கள்?"

"கால்ல நடந்துதான். வாய மூடிட்டுப் படு."

டாக்டர் வீட்டு அடுப்படியில் யாரையும் கேட்காமல் நுழைந்தாள். அரிசியை வறுத்துக் கொதிக்க வைத்து வடித்தாள். பெண்ணை எழுப்பி உட்கார வைத்து ஒவ்வொரு மடக்காகக் குடிக்கவைத்தாள். முகத்தைத் துடைத்தாள். அந்த நீண்ட கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இந்த உயரத்துக்கு எந்த ஊர்லயாச்சும் கட்டில் பண்ண முடியுமா!" என்று அலுத்துக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பிப் போகிறேன். விமானச் சீட்டு எடுத்துவிட்டேன்" என்றாள் ஐனோ.

"ஆறு மாசம்னு சொன்னியே? ஒரு மாசம்கூட ஆகல."

"இங்கே யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை."

அன்று அவள் கொசுறைத் தானே மடக் மடக்கென்று குடித்தது லியோகாதியாவுக்கு நினைவுக்கு வந்தது. என்ன கொழுப்பு எனக்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. ரோஷக்காரிகளுக்கு மன்னிப்புக் கேட்பது மலை ஏறுவது போல. வெள்ளிக்கிழமையும் போனாள், கஞ்சி கொடுத்தாள், அதட்டினாள், வந்துவிட்டாள். போகாதே என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஐனோ எழுந்து நடந்து சந்தைக்கே வந்துவிட்டாள், விடைபெற. கையில் எட்டுச் சாக்லேட் பெட்டிகள். எட்டும் ஒரே அளவு, எட்டிலும் ஒரே சிவப்பு ரிப்பன். முதல் கடையில் ஆரம்பித்து முறைப்படி ஒவ்வொரு பெட்டியாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது பெட்டி நீண்டபோது லியோகாதியா அதை வாங்கிப் பார்த்தாள். நான்காம் கடைக்காரியின் மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"இதே பெட்டிதான் அவளுக்குமா?"

"ஆமாம். எல்லாருக்கும் ஒன்றுதான்."

"அப்ப எனக்கு வேணாம்." பெட்டி பழங்களின்மேல் டொக்கென்று விழுந்தது. "மேட்டுத் தெரு ஏறி வந்தது நான். உன் மூஞ்சியத் தொடச்சது நான். அவளும் நானும் ஒண்ணா உனக்கு?"

ஐனோவின் முகம் சிவந்தது. "நான் எல்லாரிடமும் சமமாக இருக்க நினைத்தேன்! ஒரே கடைக்குப் போனால் மற்ற ஏழு பேர் வருத்தப்படுவார்கள். அதனால்தான் முறை வைத்து வந்தேன். அதில் என்ன தப்பு?"

"எட்டுப் பேருமே வருத்தப்பட்டாங்கடி, அதான் தப்பு!"

யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் கடையிலிருந்து இலாரியா மெதுவாகச் சொன்னாள்: "அவ சொல்றது நெசம்தான் பொண்ணே. மூணு நாளா நீ வரல. என் கசேராவா இருந்தா வீட்டுக்கே வந்திருப்பேன். உன்ன ஏழாங் கடைக்காரி தேடுவான்னு விட்டுட்டேன்."

"நான் எட்டாங் கடை தேடும்னு இருந்தேன்" என்றாள் ஏழாம் கடைக்காரி. ரூஃபினா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐனோ லியோகாதியாவைப் பார்த்தாள். "அப்படியென்றால் நீங்கள் மட்டும் ஏன் தேடினீர்கள்?"

"வயித்தெரிச்சல்!" என்று கத்தினாள் லியோகாதியா. "வேறென்ன? தெனம் நீ எவ கடையில உக்கார்றேன்னு எட்டி எட்டிப் பாத்தே என் கழுத்து போச்சு. அன்னிக்கு உன் கொசுற நானே குடிச்சேனே, அது இன்னிவரைக்கும் தொண்டையில நிக்குது. போறதுன்னா போ. ஆனா எல்லாருக்கும் குடுத்தத எனக்குக் குடுக்காத. எனக்கு ஒண்ணுமே குடுக்காம போ, அது போதும்."

சொல்லிவிட்டு மிக்சியைப் போட்டாள். ஜாடியில் பழம் போட மறந்திருந்தாள். ஐனோ அந்தப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பெட்டிகளையும் அந்தந்தக் கடையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லியோகாதியா வீட்டில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் மூன்று மணிக்கு என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மணிக்குச் சமைத்துக்கொண்டிருந்த நிலக்கடலைச் சூப் அடிப்பிடித்தது. "அந்தப் பொண்ணு போனா போகட்டுமே, உலகத்துல கசேராவுக்கா பஞ்சம்?" என்றான் பாஸ்குவால்.

"லாரி ஓட்டுறவருக்கு என்ன தெரியும், வாய மூடுங்க" என்று அவள் அழுதாள்.

திங்கட்கிழமை சந்தைக்குத் தாமதமாக வந்தாள். தலையைக் குனிந்தபடி வந்து கடைத்துணியை விலக்கப் போனவள் நின்றாள். ஐந்தாம் கடை முக்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, ஐனோ உட்கார்ந்திருந்தாள்.

லியோகாதியா துணியை விலக்கினாள். பலகையில் ஏறினாள். பப்பாளியை எடுத்தாள். நறுக்கத் தொடங்கினாள்.

இலாரியாவுக்குப் பொறுக்குமா? "என்ன பொண்ணே, ஊருக்குப் போகலியா? சரி, போகாதது நல்லதுதான். ஆனா அஞ்சுலயே எத்தன நேரம் உக்காருவ? இங்க வந்து ஒரு வாய் வாழைப்பழப் பால் குடி. நல்லா கொசுறு ஊத்துறேன்."

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. ஐனோ முக்காலியில் இருந்தபடியே திரும்பினாள். தயவுசெய்து என்றோ மன்னியுங்கள் என்றோ சொல்லவில்லை.

"எனக்குன்னு ஒரு கசேரா இருக்கா. நீங்க உங்க ஆளப் பாருங்க."

எட்டுக் கடையும் வெடித்துச் சிரித்தது. இலாரியாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். லியோகாதியாவுக்கு மிக்சியின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தடவித் தடவி அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.