மஞ்சள் தொப்பி அக்கா

காஞ்சிபுரத்திலிருந்து சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஒரு அக்கா வாலாஜாபாத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காதோரம் நரைத்திருந்தது. தூக்கத்திலும் அவர் விரல்கள் மடியில் ஸ்குரூ முடுக்குவதுபோல் திருகிக்கொண்டேயிருந்தன. தலையில் என்னைப் போலவே ட்ரெய்னிகளுக்கான மஞ்சள் தொப்பி.

இறங்கும்போது கேட்டேன். “நீங்களும் புதுசாக்கா?”

“பன்னெண்டு வருசமா இதே வேலதாம்மா. வரிச்சலுகை முடிஞ்சிச்சின்னு கம்பெனிய மூடிட்டு, பக்கத்து ஷெட்ல வேற பேர்ல தொறந்துக்கினாங்க. புதுக் கம்பெனின்னா திரும்ப சலுகை இருக்குதாம். நாங்களும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் புதுசா சேர்ந்தோம்.”

“சம்பளம்?”

“உனக்கு என்னவோ அதான் எனக்கும்.”

பயிற்சி அறையில் சூப்பர்வைசர், “முன் அனுபவம் இல்லாதவங்க கை தூக்குங்க” என்றார். நான் தூக்கினேன். அக்காவும் தூக்கினார். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் அசையவேயில்லை.