அழகருக்கு நேர்ந்த முடி

எனக்குப் பத்தொன்பது வயதில் உண்ணிக் காய்ச்சல் வந்து தலைமுடி கொட்டிப் போனது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் காய்ச்சலுக்கு உண்மையில் முடியைக் கொடுத்தவள் என் அம்மாதான்.

மதுரைக்கு மேற்கே, பஸ் வரும் ரோட்டிலிருந்து வண்டிப் பாதையில் உள்ளே போனால் எங்கள் ஊர். கறவை மாட்டுக்கு உண்ணி பிடுங்குவது வீட்டில் என் வேலை. காது மடலுக்குள்ளும் வாலடியிலும் விரலை விட்டுத் துழாவிப் பிடுங்கி, சிரட்டையில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போடுவேன். அதில் தப்பித்த ஒன்று என் பிடரி முடிக்குள் ஏறிக் கடித்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. மாட்டுக்கு உண்ணி பார்க்கத் தெரிந்தவளுக்குத் தன் தலையில் இருப்பது தெரியவில்லை என்று பிறகு ஊரே கேலி பேசியது.

காய்ச்சல் அனலாய் அடித்தது. தலை பிளந்துவிடும் போல வலி. பிறகு கை மணிக்கட்டிலும் காலிலும் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக எழும்பி உடம்பெல்லாம் பரவியதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை என்று முடிவாகிவிட்டது. நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட உடம்புக்கு எங்கள் பக்கம் மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது, தலையில் சீப்புப் படக்கூடாது. ஆத்தா இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் முடியைத் தொட மாட்டார்கள். அதனால் பிடரியில் உண்ணி கடித்த இடத்தில் கறுத்துக் கிடந்த பொருக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பிதற்ற ஆரம்பித்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தா கோவிச்சா என்னைய கோவிக்கட்டும்" என்று சொல்லி என்னை வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா அழகர்மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். "அழகரே, எம் மகளை எந்திரிச்சு உக்கார வையி. அவ தலை முடி அம்புட்டையும் உனக்குத் தாரேன்." இதெல்லாம் எனக்கு நினைவில்லை. அப்பா சொல்லித்தான் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் சடைப்பிடித்த முடியை விலக்கிப் பார்த்தார். பொருக்கைக் கண்டதும், "வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டார். "இது அம்மை இல்லைம்மா. உண்ணி கடிச்ச காய்ச்சல். ஒரு தடவை தலையை வாரிவிட்டிருந்தாக்கூட உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சிவப்பும் மஞ்சளுமாக மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்னத் தின்னக் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரத்திற்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டேன். அழகர் எழுப்பி உட்கார வைத்துவிட்டார் என்று அம்மா டாக்டரம்மாவிடமே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார்.

உடம்பு தேறி, வேலை வெட்டி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் முடி கொட்டியது. அதுதான் கொடுமை. காய்ச்சலோடு போயிருந்தாலாவது அழத் தெம்பில்லாமல் கிடந்திருப்பேன். சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. தலையணையில் கிடந்தது, சோற்றுத் தட்டில் கிடந்தது. இடுப்பைத் தாண்டிய முடி எனக்கு. அழகு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பார்கள். நான் அள்ளி முடிந்தால் சுண்டைக்காய் அளவு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஆறுதல் சொன்னார்கள். தலைப்பாகை போனவளுக்குத்தானே அதன் அருமை தெரியும்! முக்காடு போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்து அழுவேன்.

பெருங்காய்ச்சலுக்குப் பிறகு இப்படிக் கொட்டும், தானாக முளைக்கும், கடித்த இடம் மட்டும் ஒருவேளை வழுக்கையாக நின்றுவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மாவின் பயம் வேறு. அழகருக்கு நேர்ந்த முடியல்லவா வீட்டில் சிந்திக் கொண்டிருந்தது? தரையில் கிடந்த ஒவ்வொரு இழையையும் பொறுக்கி மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். "குப்பையை எதுக்கும்மா சேக்குற?" என்று கத்துவேன். "உனக்குக் குப்பை. அது அழகரு சொத்து" என்பாள்.

பங்குனியில், சித்திரைக் கூட்டம் சேருமுன், மூன்று பேரும் அழகர்கோவிலுக்குப் போனோம். அப்பா மலைமேல் தீர்த்தமாடப் போனார். நானும் அம்மாவும் முடி இறக்கும் கொட்டகைக்குப் போனோம். சவரம் செய்பவர் என் முக்காட்டை விலக்கிப் பார்த்தார்.

"இதுல என்னத்தா எறக்குறது? இப்பத்தான் பிஞ்சா முளைச்சு வருது. நுனியில மூணு விரக்கடை மட்டும் வெட்டிப் பூமுடியாக் குடுத்துட்டுப் போ."

"தலை அம்புட்டும் நேந்திருக்கேண்ணே. சாமிகிட்ட கொறைக்கலாமா? இந்தா, உதுந்ததெல்லாம் இதுல இருக்கு. சேத்துக்கங்க."

அவர் துணியைத் தொடவில்லை. "தலையிலருந்து எறக்குனாத்தான் காணிக்கை. கீழ விழுந்த பூவை எடுத்துச் சாமிக்குச் சாத்துவியா?"

நான் அழுதுகொண்டிருந்தேன். கைவிரலில் நெருடிய அந்தப் புது முளையைத் தினமும் தடவிப் பார்த்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு முடி இறக்கும் பலகையில் தானே போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முழங்கைப் பருமனுக்கு முடி கருகருவென்று விழுந்தது.

எங்கள் வகையறாவில் தாலி கட்டிய பெண்கள் பூமுடிதான் கொடுப்பார்கள். மொட்டை போடுவதில்லை. சவரம் செய்பவர் தயங்கி, "வீட்டுக்காரரைக் கேட்டியாத்தா?" என்றார்.

"நேந்தது நான். நீங்க எறக்குங்கண்ணே."

தீர்த்தச் சொம்போடு திரும்பிய அப்பா எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். "நான் இன்னும் சாகலையே?" என்றார். பஸ்ஸில் எங்களை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நாளாக ஆகச் சமாதானமானார். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றாக முடி வளர்ந்தது. யாருக்கு அதிகம் என்று நாங்கள் அளந்து பார்க்கும்போது அவரும் சிரித்திருக்கிறார்.

அந்த ஐப்பசியில் அப்பா கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிவந்து போடுவதற்குள் போய்விட்டார்.

தாலியைக் கழற்றி வாங்குமுன் கடைசியாகப் பூ வைப்பார்கள். அம்மாவின் விரல் நீள முடியில் பூ நிற்கவில்லை. சறுக்கிச் சறுக்கி மடியில் விழுந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, நூலால் தலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே எல்லாரும் கேட்கச் சொன்னாள். "அழகர்கோயில்லயே அறுத்துட்டு வந்தவளுக்கு இன்னைக்கு எதுக்குப் பூவு?" நான் பாய்ந்தேன், யாரோ பிடித்துக்கொண்டார்கள். அத்தையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தாள். பிடரியில் காசளவு வழுக்கை மட்டும் நின்றுவிட்டது, மற்றபடி என் முடி அடர்ந்து வந்திருந்தது. அந்த இடத்தைத் தடவியவள், "நான் அன்னைக்குப் பலகையில உக்காந்திருக்கக் கூடாதோ?" என்றாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாங்க, நீயும் கேட்டுக்கிட்டு இருக்க. உன் முடிக்கும் அப்பா செத்ததுக்கும் என்னம்மா சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்ல."

அவள் கை நின்றது.

"அப்ப நீ பொழைச்சதுக்கும் இல்லையா?"

எனக்குப் பதில் தெரியும். என்னைக் காப்பாற்றியது அந்தச் சிவப்பு மஞ்சள் மாத்திரை. அதைச் சொல்லிவிட்டால் அப்பாவைக் கொன்ற பழி அவளைவிட்டுப் போகும். ஆனால் என்னைக் காப்பாற்றியவள் என்ற ஒன்றும் கூடவே போய்விடும். அவளிடம் மிச்சம் இருந்ததே அதுதான். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கும்மா" என்றேன்.

"அப்ப உங்கப்பா போனதுக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.