கத்திரி வெயிலும் கால் டம்ளர் தண்ணீரும்

கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. இதைச் சொல்லும்போது இப்போது என் குரல் தாழ்வதில்லை. அன்றைக்கு வீட்டில் எல்லார் குரலும் தாழ்ந்தது. கால் எலும்பு முறிந்து படுத்திருப்பவளை வாசலிலிருந்தே சத்தமாக விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு மட்டும் என்ன, கள்ளக் காரியமா நடந்துவிட்டது?

இது இரண்டாயிரத்து நாலு வாக்கில். எங்கள் வீடு அரியலூரில். கணவருக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. நான் திருமானூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாசியில் ஆபரேஷன் முடிந்து லீவில் இருந்தேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் திரும்பிப் போவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவருக்கும், என்னைப் பார்த்துக்கொள்ள ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து தங்கியிருந்த என் அக்காவுக்கும்தான் அது பெரிய விஷயமாக இருந்தது.

"இந்த நெலமையில பஸ் ஏறிப் போயி, புள்ளைங்க முன்னாடி நிப்பியாடி? மானம் போயிடும். வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்டோட இரு" என்றாள் அக்கா.

கணவர் அதையே மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் நல்ல யோசனையாகிவிடும் என்பது அவர் நினைப்பு.

டயாபர் உள்ளூர் மெடிக்கலில் வாங்கினால் பேச்சாகிவிடும் என்று திருச்சிக்குப் போய் கறுப்பு கவரில் சுற்றி வாங்கிவந்தார். அதிலும் இருப்பதிலேயே பெரிய சைஸ். பெரிதாக இருந்தால் நிறையத் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நானோ ஒல்லி உடம்புக்காரி. தொடைப் பக்கம் இடைவெளி விட்டு வழிந்தது. வழிகிறதே என்று அக்கா அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஜட்டியையும் மாட்டிவிட்டாள். பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், எனக்கு ஏன் இன்னும் கோபம் ஆறவில்லை என்று.

படுக்கை மேற்குப் பார்த்த பின்கட்டு அறையில். வாடை பக்கத்து வீட்டுக்குப் போகுமாம், ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கேட்டால் சிமெண்ட் ஆலைத் தூசி உள்ளே வருகிறது என்றார்கள். வாடையை அமுக்க அக்கா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். மூடிய அறை, மேற்கு வெயில், நெருப்புச் சட்டி, புகை. போதாததற்குப் பவுடர். கை நிறைய அள்ளி அள்ளித் தட்டினாள். அது வியர்வையில் ஊறிப் பிசைந்த மாவாகித் தொடையிடுக்கில் ஒட்டிக்கொண்டு, நடந்தால் உரசியது. வேர்க்குரு புண்ணாயிற்று. புண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பவுடர்.

இதையெல்லாம்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது தண்ணீர்.

"நல்லாத் தண்ணி குடிங்க. வெயில் காலம், கொறைச்சுடாதீங்க" என்று ஆபரேஷன் செய்த தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னபோது என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சில நாள்கூட ஆகவில்லை, "குடிச்சாத்தானே வருது?" என்றார். ஏதோ யாருக்கும் புலப்படாத உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட முகம். அக்காவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. என் தலைமாட்டிலிருந்த சொம்பு சமையலறைக்குப் போயிற்று. கேட்டால் கால் டம்ளர் வரும். திரும்பக் கேட்டால், "இப்பத்தானே குடிச்ச?" என்பாள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைப் படம் போட்டு விளக்குகிறவள் நான். எனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்திலும் அல்ல, அன்பினால் செய்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருக்கலாம்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் நின்றுவிடுமா? நிற்காது. நிறம் கறுத்துக் கடுத்து, இறங்கும்போதே சுட்டது. பட்ட இடமெல்லாம் எரிந்தது. வாடை முன்னைவிட அதிகமாயிற்று, அதனால் சாம்பிராணியும் அதிகமாயிற்று. கடைசியில் குளிர்ஜுரம் வந்து தஞ்சாவூருக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "தண்ணியே குடிக்கலையா நீங்க?" என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து இரண்டு நாள் சொம்பு தலைமாட்டில் இருந்தது. பிறகு மறுபடியும் சமையலறைக்குப் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எழுந்தேன். சாம்பிராணிச் சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஒரு குடம் தண்ணீரை நானே தூக்கிவந்து அறையில் வைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அக்கா வெளியே நின்று கத்தினாள். கத்தட்டும்.

பிளாஸ்டிக் ஜட்டியைக் குப்பையில் போட்டேன். டயாபரில் எனக்குப் பொருந்துகிற சைஸை, எங்கள் கடைவீதி மெடிக்கலிலேயே சொல்லி வரவழைத்தேன். வாங்க ஆட்டோவில் போய் இறங்கினேன், கடைக்காரர் பேப்பரில் சுற்றப்போனார். "எதுக்குங்க சுத்துறீங்க? பிஸ்கட்ட சுத்தியா குடுக்குறீங்க?" என்று கேட்டேன், அப்படியே கொடுத்தார். நனைந்ததும் மாற்றினேன், இன்னும் தாங்கும் என்று காத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். பவுடரைத் தொடவில்லை, புண் இருந்த இடத்தில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவினேன். மத்தியானம் ஒரு மணி நேரம் எதுவும் கட்டாமல், துணியை விரித்து ஃபேனுக்கு அடியில் படுத்துக்கிடந்தேன். காற்றுப் பட்டால் தோல் தானாக ஆறும் என்பது தோலுக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நைலக்ஸ் புடவைகளை எடுத்துவைத்துவிட்டுக் காட்டன் புடவை, காட்டன் பாவாடைக்கு மாறினேன். தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தேன். சிறுநீர் வெளுத்தது, எரிச்சல் போயிற்று, வாடையும் போயிற்று.

"இப்ப ரூம்புல இருக்க, சரி. ரோட்டுல நடந்து பாரு, தெரியும்" என்றார் கணவர்.

நடந்து பார்த்தேன். கத்திரி ஆரம்பித்திருந்தது. மாற்று டயாபர் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குடை பிடித்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்புவது என்று கிளம்பினேன். புண் ஆறியிருந்ததால் நடை சுலபமாக இருந்தது. அக்கா வாசலில் நின்று, நான் பாதி வழியிலேயே திரும்புவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைவீதி முனையில் கூட்டம். கடைக்காரர்கள் சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஈரத்துணி சுற்றிய பானைகளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவர் என் கணவர். சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கனிவோ கனிவு.

"கூச்சப்படாம வாங்கிக் குடிங்க. இந்த வெயிலுக்கு எவ்வளவு குடிச்சாலும் பத்தாது" என்றார்.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கை அப்படியே நின்றது.

"நீ எங்க இங்க? வூட்டுக்குப் போ" என்றார் வாய்க்குள்ளேயே.

"தண்ணி குடிக்க வந்தேங்க."

டம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். பழக்கம், அதே கால் டம்ளர்.

"ஏங்க, முழுசா ஊத்துங்க" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு.

"டீச்சரம்மா வெயில்ல நடந்து வந்திருக்காங்க, நெறைய ஊத்துங்க சார்" என்று பின்னாலிருந்து என்னைத் தெரிந்த ஒரு டிரைவர் சொன்னார். கணவர் காது சிவந்து, விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. பாதி குடிக்கும்போதே கீழே நனைந்தது. யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் டம்ளரைக் கீழே வைத்திருக்க மாட்டேன். நனையத்தானே கட்டியிருந்தேன். மீதியையும் குடித்துவிட்டு, டம்ளரை அவரிடமே திரும்ப நீட்டினேன்.

"இன்னொண்ணு ஊத்துங்க. ஸ்கூல் தெறந்ததும் தெனமும் இந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போவேன்."

ஊற்றினார்.